வாங்கலாமா, நாமே கண்டுபிடிக்கலாமா? ஒரு கேம், ஒரு ராக்கெட், ஒரு மோட்டார் ஸ்டார்ட்டர்

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிப்பு வசதிக்காகக் கொஞ்சம் சுருக்கித் தொகுத்திருக்கிறோம்.)

இன்னைக்கு விருந்தினர் யாரும் கிடையாது. நானும் மைக்கும் மட்டும்தான். ரொம்ப நாளா பேசணும்னு நினைச்சு தள்ளிப்போட்டுக்கிட்டே வந்த ஒரு விஷயம் இது. கேட்கிறதுக்கு கேம் பத்தின எபிசோட் மாதிரி இருக்கும். பாதி அப்படித்தான். மீதி பாதியில நான் பண்ணின ஒரு தப்பு இருக்கு. அதை ஒத்துக்க எனக்கு பத்து வருஷத்துக்குப் பக்கமா ஆச்சு.

கேள்வி சிம்பிள். உங்களுக்கு ஒரு தொழில்நுட்பம் வேணும். பக்கத்துல ஒருத்தர்கிட்ட அது இருக்கு. அவர்கிட்ட ஏதாவது கொடுத்து வாங்கிக்கலாமா, இல்ல நாமளே உட்கார்ந்து கண்டுபிடிக்கலாமா? சிவிலைசேஷன் விளையாடினவங்களுக்கு இந்தக் கேள்வி நல்லாத் தெரியும். விளையாடாதவங்க ஓடிப்போயிடாதீங்க, ரெண்டே நிமிஷத்துல விளக்கிடறேன்.

சேவுகம்பட்டியில் ஒரு கம்ப்யூட்டர்

என் ஊர் சேவுகம்பட்டி. திண்டுக்கல் மாவட்டம், வத்தலக்குண்டு பக்கம். மேற்கே பார்த்தா மலை, அதுக்கு மேல கொடைக்கானல். கீழே வாழை, தென்னை. வெளியூர்க்காரங்களுக்கு எங்க ஊர் தெரிஞ்சிருந்தா அதுக்கு ஒரே காரணம் தை மாசத் திருவிழா. பெருமாள் கோயில்ல வேண்டுதல் வெச்சவங்க கூடை கூடையா வாழைப்பழம் கொண்டு வந்து சூறை விடுவாங்க. நாங்க கீழ நின்னு பிடிப்போம். டிவியில வருஷத்துக்கு ஒரு தடவை காட்டுவாங்க, முப்பது செகண்ட்.

2009-ல நான் பதினொண்ணாவது படிச்சேன். எங்க பெரியப்பா மகன், எனக்கு அண்ணன், அப்போ பாலிடெக்னிக்ல எலக்ட்ரிக்கல் படிச்சுக்கிட்டு இருந்தார். பழைய கம்ப்யூட்டர் ஒண்ணை வாங்கி வீட்டுத் திண்ணையை ஒட்டின அறையில வெச்சிருந்தார். அதுல 'சிவிலைசேஷன் 4' இருந்துச்சு. எங்கிருந்து வந்துச்சுன்னு கேட்காதீங்க. [சிரிப்பு]

அது டர்ன் வெச்சு ஆடுற ஆட்டம். நீங்க ஒரு டர்ன், அடுத்தவர் ஒரு டர்ன். கி.மு. 4000-ல ஒரு குடியேற்றத்தோட ஆரம்பிச்சு விண்வெளிக் கப்பல் வரைக்கும் போகலாம். ஒரே கம்ப்யூட்டர்ல ரெண்டு பேர் மாத்தி மாத்தி உட்கார்ந்து ஆடுற வசதி அதுல உண்டு. நான் ஆடும்போது அண்ணன் திண்ணையில போய் உட்காரணும், எட்டிப் பார்க்கக் கூடாது. அப்போ தமிழ்நாட்டுல மின்வெட்டு காலம். நாலு டர்னுக்கு ஒரு தடவை கேம் தானா சேவ் ஆகும். கரண்ட் போனா அந்த நாலு டர்ன் போச்சு. யாருக்கு நல்ல டர்ன் போச்சுன்னு சண்டை வரும்.

ஆட்டத்துல முன்னேறணும்னா தொழில்நுட்பம் வேணும். எழுத்து, கணிதம், இரும்பு, காகிதம், துப்பாக்கி மருந்து, இப்படி ஒரு மரம் மாதிரி கிளை பிரிஞ்சு போகும். ஒவ்வொண்ணுக்கும் ஒரு விலை. உங்க நகரங்கள் தயாரிக்கிற ஆராய்ச்சிப் புள்ளிகளைச் சேர்த்துச் சேர்த்து அந்த விலையைக் கட்டணும். இது ஒரு வழி.

இன்னொரு வழி பண்டமாற்று. 'அல்ஃபபெட்'டைக் கண்டுபிடிச்சுட்டா மத்த தலைவர்களோட தொழில்நுட்பத்தைப் பேரம் பேசி மாத்திக்கலாம். நீ எனக்குக் கணிதம் கொடு, நான் உனக்கு இரும்பு வேலை தர்றேன். சரின்னு சொன்ன அதே நொடியில அது உங்க கைக்கு வந்துடும். காத்திருக்க வேண்டியதே இல்லை.

ஒண்ணு கொடுத்து அஞ்சு வாங்குவது

எங்க ரெண்டு பேருக்கும் ரெண்டு பாணி. அண்ணன் ஆராய்ச்சிக்காரர். நூலகம் கட்டுவார், குடிசைகளை நகரமா வளர விடுவார், பொறுமையா இருப்பார். நான் வியாபாரி.

என் கணக்கு இதுதான். ஆட்டத்துல நம்மளையும் சேர்த்து ஆறு தலைவர்கள்னு வெச்சுக்கோங்க. யார்கிட்டயும் இல்லாத ஒண்ணை மட்டும் நான் சொந்தமா ஆராய்ச்சி பண்ணுவேன். அதை ஒரே டர்ன்ல அஞ்சு பேர்கிட்டயும் கொண்டு போவேன். அஞ்சு பேரும் ஆளுக்கு ஒண்ணு வேற வேற கொடுத்தா, ஒண்ணோட செலவுல எனக்கு ஆறு. ஏன் ஒரே டர்ன்ல? இன்னைக்கு ஒருத்தருக்குக் கொடுத்துட்டு நாளைக்கு வந்தா, அந்த ஆளே என் சரக்கை மத்த நாலு பேருக்கும் வித்துருப்பான். எங்க ஊர்ப் பக்கம் பூ மார்க்கெட்டுல நின்னு பார்த்தவங்களுக்கு இது புதுசில்ல. வெயில் ஏற ஏற மல்லிகை விலை இறங்கிடும்.

இதுல இன்னொரு தந்திரமும் உண்டு, தரகு. ஒருத்தர்கிட்ட வாங்கினதை இன்னொருத்தருக்கு வித்து, அவர்கிட்ட வாங்கினதை மூணாவது ஆளுக்கு விக்கிறது. சொந்தமா ஒண்ணுமே கண்டுபிடிக்காம நாலு டர்ன் ஓட்டலாம். நான் இதுல கில்லாடி. அண்ணன் அல்லாடி ஒண்ணைக் கண்டுபிடிச்சு முடிக்கிறதுக்குள்ள என்கிட்ட மூணு இருக்கும்.

"டேய் தம்பி, நீ ஆட்டம் ஆடலடா, கமிஷன் மண்டி நடத்துற"ன்னு சொல்வார்.

நான் சொல்வேன், "ஜெயிக்கிறேன்லண்ணே."

ஜெயிக்கவும் செஞ்சேன். பொய் சொல்லல.

மான்சா மூசாவும் டோக்குகாவாவும்

இந்தக் கேமை ஆடினவங்களுக்கு ரெண்டு பேரை நல்லா ஞாபகம் இருக்கும். கம்ப்யூட்டர் ஆடுற தலைவர்கள்தான். ஒருத்தர் மாலியின் மான்சா மூசா. யார் கேட்டாலும் பேரத்துக்கு வருவார், தானும் விறுவிறுன்னு ஆராய்ச்சி பண்ணுவார். அவர் பக்கத்து நாடா அமைஞ்சா உங்களுக்கு யோகம். இன்னொருத்தர் ஜப்பானின் டோக்குகாவா. எல்லையைத் திறக்க மாட்டார், எதையும் மாத்திக்க மாட்டார், யாரையும் நம்ப மாட்டார். பெரும்பாலான ஆட்டங்கள்ல, மத்தவங்க துப்பாக்கிக்கு வந்தப்புறமும் அவர் வில் அம்போட நிப்பார்.

இதைப் பார்த்தா பாடம் தெளிவா இருக்கிற மாதிரி தெரியும்: வாங்கு, வித்துக்கோ, தனியா உட்காராதே. ஆனா கேமை வடிவமைச்சவங்க அவ்வளவு சுலபமா விடல. மூணு பூட்டு போட்டிருந்தாங்க.

முதல் பூட்டு: ஒரு தொழில்நுட்பம் ஒருத்தர்கிட்ட மட்டுமே இருந்தா, அவர் பெரும்பாலும் தர மாட்டார். இதை இப்போதைக்கு வெளியே விடுற எண்ணம் இல்லைன்னு சொல்லிடுவார். அதாவது உங்களுக்கு ரொம்பத் தேவையானது எதுவோ அதுதான் விற்பனைக்கு இருக்காது.

ரெண்டாவது பூட்டு: நீங்க பலபேர்கிட்ட பேரத்துல வாங்கினது எத்தனைன்னு கேம் கணக்கு வெச்சுக்கிட்டே வரும். ஒரு அளவுக்கு மேல போனா, நீங்க ரொம்ப முன்னேறிடுவீங்களோன்னு எங்களுக்குப் பயமா இருக்குன்னு சொல்லி கதவைச் சாத்திடுவாங்க. அதுக்கப்புறம் தங்கத்தைக் கொட்டினாலும் நடக்காது. என் ஆட்டம் பல தடவை படுத்தது இங்கதான். அந்த நேரத்துல என்கிட்ட நூலகம் இருக்காது, வளர்ந்த நகரம் இருக்காது. அண்ணன் மெதுவா, ரொம்ப மெதுவா, என்னைத் தாண்டிப் போவார்.

மூணாவது பூட்டு 2007-ல வந்த 'பியாண்ட் த ஸ்வார்ட்' விரிவாக்கத்துல வந்தது. ஆட்டம் தொடங்கும் முன்னாடி ஒரு கட்டத்துல டிக் அடிக்கலாம்: தரகு கிடையாது. நீங்க சொந்தமா ஆராய்ச்சி பண்ணினதை மட்டும்தான் அடுத்தவருக்குக் கொடுக்க முடியும். அண்ணன் அந்த டிக்கைப் போடணும்னு கேட்டுக்கிட்டே இருந்தார். நான் ஒத்துக்கவே இல்லை.

அப்புறம் 2010-ல 'சிவிலைசேஷன் 5' வந்தப்போ நேரடி பண்டமாற்றே போயிடுச்சு. அதுக்குப் பதிலா ஆராய்ச்சி ஒப்பந்தம்: ரெண்டு நாடும் காசு போட்டு, குறிப்பிட்ட டர்ன் வரைக்கும் சண்டை போடாம இருந்தா, ரெண்டு பேருக்குமே அறிவியல்ல ஒரு தள்ளு கிடைக்கும். 2016-ல வந்த ஆறாவது பாகம் இன்னும் சுவாரஸ்யம். அதுல 'யுரேகா'ன்னு ஒண்ணு. கல் குவாரி வெட்டினா கட்டுமானக் கலையில பாதி வேலை முடிஞ்ச மாதிரி. கடலோரமா ஊர் வெச்சா கப்பலோட்டத்துல பாதி. முதல்ல அது 50 சதவீதம், பின்னாடி 40 ஆகக் குறைச்சாங்க. கையால ஒரு வேலையைச் செஞ்சா அந்த அறிவு உங்களுக்குக் கொஞ்சம் தானா வரும்னு சொல்லுது.

இதுல எது நிஜ உலகத்துக்கு ரொம்பப் பக்கம்? இதுக்குப் பதில் தேடிப் போனப்போதான் எனக்கு மகேந்திரகிரி கிடைச்சது.

மகேந்திரகிரி

திருநெல்வேலி மாவட்டத்துல இருக்கிற மகேந்திரகிரியில இஸ்ரோவோட எஞ்சின்களைச் சோதிக்கிற இடம் இருக்கு. இந்தியாவோட பெரிய திரவ எரிபொருள் எஞ்சின்கள் உறுமிப் பார்க்கிறது அந்த மலையடிவாரத்துலதான். அந்த எஞ்சின்கள்ல ரெண்டோட கதை நம்ம கேள்விக்கு நேரடியா பதில் சொல்லுது.

முதல் எஞ்சின் விகாஸ். 1974-ல இஸ்ரோ பிரான்சின் எஸ்.இ.பி. நிறுவனத்தோட ஒரு ஒப்பந்தம் போட்டது. பிரான்ஸ் அப்போ ஏரியான் ராக்கெட்டுக்காக வைக்கிங்னு ஒரு எஞ்சினை உருவாக்கிக்கிட்டு இருந்தது. இந்தியாகிட்ட பெரிய பணம் இல்லை. ஆனா பொறியாளர்கள் இருந்தாங்க. பேரம் என்னன்னா, இந்தியப் பொறியாளர்கள் அங்கே போய் 100 ஆள்-ஆண்டு வேலை செஞ்சு கொடுப்பாங்க. அதாவது 50 பேர் போனா 2 வருஷம். பதிலுக்கு அந்தத் தொழில்நுட்பம் நமக்கு. நாகர்கோவில்ல பிறந்த நம்பி நாராயணன் தலைமையில ஒரு குழு வெர்னான் நகரத்துக்குப் போச்சு. 2022-ல வந்த 'ராக்கெட்ரி' படத்துல பார்த்திருப்பீங்க.

இது சிவிலைசேஷன் 4 பேரம் மாதிரி தெரியும், ஆனா இல்லை. அந்தப் பொறியாளர்கள் வரைபடத்தை மட்டும் வாங்கிக்கிட்டு வரல. வைக்கிங் எஞ்சினை உருவாக்குற வேலையிலேயே கை வெச்சாங்க. எங்கே கசியும், எது வெடிக்கும், எந்த அளவை ஏன் மாத்தினாங்கன்னு கூட நின்னு பார்த்தாங்க. ஆறாவது பாகத்து யுரேகா இருக்கில்லையா, அதுதான் இது. விலையா கொடுத்ததும் உழைப்பு, வாங்கிக்கிட்டதும் உழைப்புல வந்த அறிவு. அந்த விகாஸ் இன்னைக்கும் ஓடுது. பிஎஸ்எல்வியோட ரெண்டாவது அடுக்கு அதுதான். 2008-ல சந்திரயான்-1, 2013-ல மங்கள்யான், ரெண்டுமே அது மேல ஏறித்தான் போச்சு.

ரெண்டாவது கிரையோஜெனிக் எஞ்சின். திரவ ஹைட்ரஜன், திரவ ஆக்சிஜன். ஹைட்ரஜன் திரவமா இருக்கணும்னா மைனஸ் 253 டிகிரி வேணும். ஆக்சிஜனுக்கு மைனஸ் 183. அந்தக் குளிர்ல உலோகத்தோட குணமே மாறிடும். அந்தப் பக்கத்துலயே நெருப்பு எரியணும், அதுக்கு நடுவுல பம்ப் அசுர வேகத்துல சுத்தணும். கனமான செயற்கைக்கோளை உயரத்துக்குக் கொண்டு போக இது வேணும். அப்போ உலகத்துல அஞ்சு தரப்புகிட்டதான் இருந்தது.

1991 ஜனவரியில இந்தியா சோவியத்தின் கிளாவ்கோஸ்மோஸோட ஒப்பந்தம் போட்டது. எஞ்சினும் வரும், அதைச் செய்யிற தொழில்நுட்பமும் வரும். அதே 1991-லதான் முதல் சிவிலைசேஷன் கேம் வெளியாச்சு. தற்செயல்தான், ஆனா எனக்குப் பிடிச்ச தற்செயல்.

அப்புறம் நம்ம ரெண்டாவது பூட்டு விழுந்தது. இது ஏவுகணைத் தொழில்நுட்பக் கட்டுப்பாட்டு விதிகளுக்கு எதிரானதுன்னு சொல்லி 1992 மே மாசம் அமெரிக்கா இஸ்ரோ மேலயும் கிளாவ்கோஸ்மோஸ் மேலயும் ரெண்டு வருஷத் தடை போட்டது. அதுக்குள்ள சோவியத்தே இல்லை. 1993-ல ரஷ்யா பின்வாங்கியது. எஞ்சின் தர்றோம், தொழில்நுட்பம் தர மாட்டோம். கடைசியில கிடைச்சது ஏழு எஞ்சின். செஞ்சு முடிச்ச பண்டம் மட்டும், செய்முறை இல்லை.

1994-ல இந்தியா சொந்தமா செய்யிற திட்டத்தைத் தொடங்குச்சு. அதே சமயம் ரஷ்ய எஞ்சினையும் ஓரமா வைக்கல. 2001 ஏப்ரல் 18 முதல் ஜிஎஸ்எல்வி பறந்தது ரஷ்ய எஞ்சினோடதான். நம்ம சொந்த எஞ்சினோட முதல் பயணம் 2010 ஏப்ரல் 15. எரிபொருள் பம்ப் நின்னுபோய் ராக்கெட் வங்கக் கடல்ல விழுந்தது. 2013 ஆகஸ்ட்ல மறுபடி ஏவத் தயாரானாங்க. ரெண்டாவது அடுக்குல எரிபொருள் கசிவுன்னு கவுன்ட்டவுனை நிறுத்தினாங்க. 2014 ஜனவரி 5, ஜிஎஸ்எல்வி-டி5. வெற்றி. 1994-ல இருந்து எண்ணினா 20 வருஷம்.

20 வருஷத்தைப் பார்த்துட்டு, "தடை போட்டது நல்லதுக்குத்தான்"னு ஒரு கூட்டம் சொல்லும். எனக்கு அதுல உடன்பாடு இல்லை. 1993-ல தொழில்நுட்பம் வந்திருந்தா எத்தனையோ வருஷம் மிச்சம். அந்த இழப்பு இழப்புதான். ஆனா ஒண்ணு கவனிங்க. அந்த ஏழு எஞ்சினும் நமக்குக் கொடுத்தது அவகாசம். நாம கத்துக்கிட்டு இருக்கும்போது ராக்கெட்டோட மத்த அடுக்குகளைப் பறக்க விட்டுப் பார்க்க முடிஞ்சது. இஸ்ரோ வாங்கவும் செஞ்சது, கண்டுபிடிக்கவும் செஞ்சது. அந்தப் பாதையிலேயே அடுத்து சிஇ-20-ன்னு இன்னும் பெரிய கிரையோஜெனிக் எஞ்சின் வந்தது. 2023 ஜூலை 14 சந்திரயான்-3-ஐத் தூக்கின ராக்கெட்டோட மேலடுக்கு அது.

அதனால, வாங்குறதா கண்டுபிடிக்கிறதான்னு கேட்கிறதே பாதிக் கேள்விதான். மீதி: வாங்குனது பழுதானா திறந்து பார்க்க உன்னால முடியுமா?

இந்த மீதிக் கேள்வியை நான் எங்கே கத்துக்கிட்டேன்னு சொல்லத்தான் இவ்வளவு சுத்தி வந்தேன்.

ராத்திரி 2 மணி மோட்டார்

2016. நான் சென்னையில ஒரு ஐடி கம்பெனியில இருந்தேன். அண்ணன் வத்தலக்குண்டுல மோட்டார் ரீவைண்டிங் கடை வெச்சிருந்தார். காயில் கட்டுறது, ஸ்டார்ட்டர் பார்க்கிறது.

நகரத்துல இருக்கிறவங்களுக்கு ஒரு விளக்கம். கிணறு, போர் மோட்டாருக்கு த்ரீ ஃபேஸ் கரண்ட் வேணும். அது நாள் முழுக்க வராது. சில நாள் ராத்திரி ஒரு மணி, ரெண்டு மணிக்கு வரும். அப்போ எழுந்து, டார்ச் எடுத்துக்கிட்டு, பாம்பைப் பார்த்து நடந்து போய் மோட்டார் போடணும். எங்க அப்பா வாழ்நாள் முழுக்க அப்படிப் போனவர்.

அண்ணனுக்கு ஒரு யோசனை. சிம் கார்டு போட்ட ஒரு சின்னப் பெட்டி. விவசாயி படுத்த இடத்துல இருந்து போன் அடிச்சா மோட்டார் ஓடணும். இந்த மாதிரி பெட்டிகள் அப்போ மார்க்கெட்டுல வர ஆரம்பிச்சிருந்தது. நான் கேட்டேன், "அண்ணே, ரெடிமேடா வாங்கி வித்தா கமிஷன் கிடைக்கும்ல? எதுக்கு இந்த வேலை?"

"ரிப்பேர்னு வந்தா அதைத் திறக்க எனக்குத் தெரியாதுடா. தெரியாததை எப்படி விக்கிறது?"

வயரிங், ரிலே, கான்டாக்டர் எல்லாம் அவருக்கு அத்துப்படி. புரோகிராம் மட்டும் தெரியாது. அதை என்கிட்ட கேட்டார். நான் தினமும் கோடு எழுதுற ஆள். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் இணையத்துல தேடினேன், யாரோ எழுதி வெச்சிருந்தது கிடைச்சது. ரெண்டு இடத்துல எண்ணை மாத்தி அனுப்பிட்டேன். அரை மணி நேர வேலை. படிச்சுப் பார்க்கல. ஓடுச்சு, போதும். அல்ஃபபெட் வந்தாச்சு, பேரம் முடிஞ்சது.

அது வீட்டு மாடித் தொட்டிக்குத் தண்ணி ஏத்துற சிங்கிள் ஃபேஸ் மோட்டாருக்கு எழுதின கோடு.

ஊர்ல எங்களுக்கு மாமா முறை ஒருத்தர். அவர் தோட்டத்துல முதல் பெட்டியை மாட்டினார் அண்ணன். மூணு ஃபேஸும் இருக்கான்னு பார்க்கிற ஒரு வயரை சரியா பெட்டிக்குக் கொடுத்திருந்தார். என் கோடு அந்த வயரைப் படிக்கவே இல்லை. அப்படி ஒண்ணு இருக்குங்கிறதே அதுக்குத் தெரியாது. ஒருநாள் ராத்திரி கரண்ட் போய் வந்தப்போ ரெண்டு ஃபேஸ்தான் வந்திருக்கு. பெட்டி முழிச்சு, கடைசியா மோட்டார் ஓடிக்கிட்டு இருந்ததுன்னு ஞாபகம் வெச்சு, ஆன் பண்ணிடுச்சு. ரெண்டு ஃபேஸ்ல மோட்டார் சுத்தாது, உறுமும், சூடாகும். ஓவர்லோடு ரிலே ட்ரிப் ஆகும். ஆறினதும் அது தானா ரீசெட் ஆகும். கோடு மறுபடி ஆன் பண்ணும். விடிய விடிய.

காலையில காயில் கருகிப்போச்சு. சித்திரை மாசம், வாழை தார் தள்ளிக்கிட்டு இருந்த நேரம். போருக்குள்ள இருக்கிற மோட்டாரை மேல தூக்க வண்டி வரணும், ஆள் வரணும். மூணு நாள் தண்ணி இல்லை.

அண்ணன் ரெண்டு ராத்திரி தூங்காம அந்தக் காயிலைக் கட்டினார். காசு வாங்கல. மாமாகிட்ட, "என் தப்பு மாமா, நான் சரியா பார்க்கல"ன்னு சொல்லியிருக்கார். என் பேரை எடுக்கவே இல்லை. இது எனக்குத் தெரிய வந்ததே அம்மா மூலமா, ஒரு வாரம் கழிச்சு.

நான் போன் பண்ணினேன். மன்னிப்பு கேட்கத்தான் பண்ணினேன். வாயில வந்தது வேற. "நான்தான் அப்பவே சொன்னேன்லண்ணே, ரெடிமேடு வாங்கியிருக்கலாம்ல."

அவர் ஒண்ணும் சொல்லல. "சரி தம்பி, கடையில ஆள் நிக்குது"ன்னு வெச்சுட்டார். [இடைவெளி]

பத்து வருஷத்துக்குப் பக்கமா எனக்குள்ள ஓடிக்கிட்டு இருந்தது அந்த ஒரு வாக்கியம்தான்.

இந்த வரி என்ன பண்ணுது?

அடுத்த மாசம் ஊருக்குப் போனேன். கடையில அந்தப் பெட்டி திறந்தபடி மேஜை மேல இருந்தது. என் கோட்டைப் பேப்பர்ல பிரிண்ட் எடுத்து வெச்சிருந்தார். உட்காருன்னார். முதல் வரியில விரலை வெச்சார்.

"இது என்ன பண்ணுது?"

சொன்னேன். அடுத்த வரி. "இது?" சொன்னேன். ஏழாவது வரியோ எட்டாவது வரியோ, எனக்குத் தெரியல. சும்மா சமாளிச்சுப் பார்த்தேன். அவர் விடல. எனக்கு வேலையே இதுதான், மாசம் மாசம் சம்பளம் வாங்குறேன், எட்டாவது வரி தெரியல.

அன்னைக்கு ராத்திரி ஒன்பது மணி வரைக்கும் உட்கார்ந்தோம். கரண்ட் வந்தா முதல்ல கொஞ்ச நேரம் காத்திருக்கணும், மூணு ஃபேஸையும் பார்க்கணும், ஒருதடவை ட்ரிப் ஆனா மனுஷன் வந்து பார்க்காம திரும்ப ஆன் ஆகக் கூடாது. அவர் மோட்டாரைச் சொல்லிக் கொடுத்தார், நான் அதைக் கோடா எழுதினேன். நான் சொந்தமா எழுதின முதல் கோடு அதுதான்னு இன்னைக்கு எனக்குத் தோணுது.

இதை ஒரு வெற்றிக் கதையா முடிக்க எனக்கும் ஆசைதான். அப்படி நடக்கல. சரியான பெட்டி ரெடியாகிறதுக்குள்ள, கம்பெனி பெட்டிகள் அதைவிட மலிவா கடைக்குக் கடை வந்துடுச்சு. அண்ணன் செஞ்சதுல ஏழோ எட்டோதான் போச்சு. அதுக்காக வாங்கின கடன் அடைய ரொம்ப நாள் ஆச்சு. அவர் ஆராய்ச்சி பண்ணின நேரத்துல நூறு பேர் அதையே பண்ணிக்கிட்டு இருந்தாங்க. கேமுல இருக்கிறவங்களுக்கு இது புரியும்: மத்தவங்ககிட்ட ஏற்கெனவே இருக்கிறதை நீங்க தனியா உட்கார்ந்து கண்டுபிடிச்சா, அதை விக்க ஆள் இருக்காது. அந்த விஷயத்துல என் வியாபாரக் கணக்கு சரிதான். இதை அவரே ஒத்துக்கிட்டார்.

இன்னைக்கு அவர் கடையில என்ன இருக்குன்னா, பழுதான கம்பெனி பெட்டிகள். பல கடைகள்ல, புதுசு வாங்கிக்கோன்னு சொல்லிடறாங்க. அண்ணன் திறந்து பார்க்கிறார். சிலதைச் சரி பண்ண முடியும், சிலது முடியாது. பெரிய காசெல்லாம் இல்லை. ஆனா ஆள் வருது.

நானும் மாறினேன்னு சொல்லிக்கிறேன். இப்போ நம்ம எல்லார் மேஜையிலயும் கேட்ட நொடியில கோடு எழுதித் தர்ற ஏஐ இருக்கு. மான்சா மூசா மாதிரி, கேட்டதெல்லாம் கொடுக்குது. நானும் வாங்கிக்கிறேன், வாங்காம இருக்க முடியாது. டோக்குகாவாவா இருந்து பிரயோஜனம் இல்லை. ஆனா அனுப்புறதுக்கு முன்னாடி ஒவ்வொரு வரியிலயும் விரலை வெச்சுக் கேட்கிறேன். எட்டாவது வரியில மாட்டினா, அன்னைக்கு அது போகாது.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனப்போ அதே கேமை என் லேப்டாப்ல போட்டேன். அண்ணனோட பையன் பக்கத்துல உட்கார்ந்துக்கிட்டான், ஏழாவது படிக்கிறான். ஆட்டம் ஆரம்பிக்கிற திரை வந்தது. நான் மவுஸை அண்ணன் பக்கம் தள்ளினேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துட்டு, தரகு கிடையாதுங்கிற கட்டத்துல டிக் போட்டார்.

அப்பதான் சொன்னேன், "அண்ணே, அன்னைக்கு போன்ல சொன்னது தப்பு."

"என்னைக்கு?"ன்னார். உண்மையிலேயே மறந்துட்டாரா, மறந்த மாதிரி காட்டிக்கிட்டாரா, தெரியல. "ஆடுடா, உன் டர்ன்"னு சொல்லிட்டு எழுந்து திண்ணைக்குப் போயிட்டார். எட்டிப் பார்க்கக் கூடாதில்லையா.

அந்த ஆட்டத்துல யார் ஜெயிச்சான்னு கேட்பீங்க. பையன் ஜெயிச்சான். எங்க ரெண்டு பேர்கிட்டயும் வாங்க வேண்டியதை வாங்கிக்கிட்டு, லிபரலிசத்தை எங்களுக்கு முன்னாடியே சொந்தமா கண்டுபிடிச்சு, அதுல வர்ற இலவசத் தொழில்நுட்பத்தையும் எடுத்துக்கிட்டான். [சிரிப்பு]

இவ்வளவுதான் மக்களே. உங்க வாழ்க்கையில ஒரு எட்டாவது வரி இருந்தா எங்களுக்கு எழுதி அனுப்புங்க. அடுத்த வாரம் விருந்தினரோட வர்றேன்.